சிபிலிசு பாக்டீரியா திசுக்களில் ஒட்டுதல்

சிபிலிசு (மேகப்புண், பறங்கிப்புண்) எனப்படும் பால்வினை நோயைத் திரிபோனிமா பாலிடம் என்னும் சுருள்வடிவ பாக்டீரியா உண்டாக்குகிறது. இப்பாக்டீரியா மனித உடலின் செல்களிலும், செல்களைத் தாங்கி நிற்கும் புரத வலையிலும் தன்னைப் பிணைத்துக்கொள்ளும் நிகழ்வே திசுக்களில் ஒட்டுதல் ஆகும். தொற்றின் முதற்படி இதுவே. புண் உண்டாதல், இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவுதல், மூளையையும் இதயத்தையும் அடைதல், தாயின் நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலுள்ள குழந்தையைத் தாக்குதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒட்டுதல் தேவைப்படுகிறது.

இந்த ஒட்டுதல் உயிரியலில் ஒரு புதிராகக் கருதப்படுகிறது. ஒரு பாக்டீரியா ஒட்ட வேண்டுமானால் அதன் வெளிப்புறத்தில் பிடிப்புக்கான புரதங்கள் இருக்க வேண்டும். ஆனால் வெளிப்புறத்தில் புரதங்கள் இருந்தால் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு அவற்றை அடையாளம் கண்டு தாக்கும். திரிபோனிமா பாலிடம் மிகக் குறைந்த எண்ணிக்கையிலான வெளிப்புரதங்களைக் கொண்டே பலவகைத் திசுக்களில் ஒட்டுகிறது; பல ஆண்டுகள் உடலில் மறைந்தும் வாழ்கிறது. இந்நோய்க்கு இதுவரை தடுப்பூசி உருவாகாததற்கு இது ஒரு முதன்மைக் காரணமாகும்.

பெயர்

திரிபோனிமா என்பது திரும்புதல், இழை என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து அமைந்தது. பாலிடம் என்பது வெளிறியது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். வழக்கமான சாயங்களை இப்பாக்டீரியா எளிதில் ஏற்பதில்லை. எனவே நுண்நோக்கியில் வெளிறித் தோன்றும்.

தமிழில் இந்நோய் பறங்கிப்புண், பறங்கி வியாதி, கிரந்தி, மேகநோய் எனப் பல பெயர்களால் வழங்கிவந்துள்ளது. இவற்றுள் கிரந்தி, மேகநோய் ஆகியவை வேறு நோய்களையும் குறிக்கும் பொதுப்பெயர்கள். பறங்கி என்பது போர்த்துக்கீசரைக் குறித்த சொல். 16 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் என்னும் வடமொழி மருத்துவ நூலும் இந்நோயைப் பறங்கியரோடு தொடர்புபடுத்தியே பெயரிடுகிறது. போர்த்துக்கீசர் 1498 இல் கள்ளிக்கோட்டைக்கு வந்தனர். 1520களில் மயிலாப்பூர்க் கடற்கரையில் இன்றைய பட்டினப்பாக்கத்துக்கு வடக்கே சாந்தோமில் குடியேறினர். இந்நோய்க்கு மருந்தாகக் கொள்ளப்பட்ட சீன நாட்டுக் கிழங்கு தமிழில் பறங்கிப்பட்டை என்று பெயர் பெற்றது. சித்த மருத்துவத்தில் அது இன்றும் பயன்படுகிறது. எனினும் இந்நோயைக் குணப்படுத்துவதாக அறிவியல் முறையில் நிறுவப்பட்டது பெனிசிலின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லிகளே.

பாக்டீரியாவின் அமைப்பு

திரிபோனிமா பாலிடம் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர் தடிப்பும் 6 முதல் 15 மைக்ரோமீட்டர் நீளமும் கொண்டது. மிக மெல்லியதாக இருப்பதால் சாதாரண ஒளி நுண்நோக்கியில் தெரிவதில்லை. இருட்புல நுண்நோக்கி தேவைப்படுகிறது. இதன் நகரிழைகள் மற்ற பாக்டீரியாக்களில் உள்ளதுபோல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதில்லை. அவை வெளிப்படலத்துக்கும் உட்படலத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியில் அடங்கியுள்ளன. அவை சுழலும்போது பாக்டீரியாவின் உடல் முழுவதும் திருகாணி போலச் சுழன்று முன்னேறுகிறது. அடர்த்தியான திசுக்களுக்குள்ளும் இதனால் நுழைய முடிகிறது.

இதன் மரபணுத்தொகுதி 1998 இல் முழுமையாக வரிசைப்படுத்தப்பட்டது. அதில் சுமார் 11.4 இலட்சம் கார இணைகளும் ஏறத்தாழ 1,040 மரபணுக்களும் உள்ளன. ஈ. கோலை பாக்டீரியாவில் இதைப்போல் நான்கு மடங்கு உண்டு. கொழுப்பு அமிலங்களையும் பெரும்பாலான அமினோ அமிலங்களையும் தானே உருவாக்கும் மரபணுக்கள் இதற்கு இல்லை. தேவையான சத்துக்களை மனித உடலிடமிருந்தே பெற வேண்டியிருப்பதால் ஒட்டுதல் இதற்கு உயிர் வாழும் வழியாகவும் அமைகிறது. உடலுக்கு வெளியே இது விரைவில் இறந்துவிடும்.

வெளிப்படலத்தின் இயல்பு குறிப்பிடத்தக்கது. பல பாக்டீரியாக்களின் வெளிப்படலத்தில் காணப்படுவதும் உடலின் எதிர்ப்பைக் கடுமையாகத் தூண்டுவதுமான கொழுப்புச் சர்க்கரைக் கூட்டுப்பொருள் இதில் இல்லை. உறையவைத்துப் பிளந்த பாக்டீரியாவை 1989 இல் எலக்ட்ரான் நுண்நோக்கியால் ஆராய்ந்தபோது, வெளிப்படலத்தில் பதிந்திருக்கும் புரதத் துகள்கள் ஈ. கோலையில் உள்ளவற்றில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கே என்று தெரியவந்தது. இதனால் இப்பாக்டீரியா "மறைந்து தாக்கும் நோய்க்கிருமி" என அழைக்கப்படுகிறது.

ஒட்டும் இடங்கள்

செல்களுக்கு வெளியே அவற்றைத் தாங்கும் புரத வலையில் பல பொருள்கள் உள்ளன. சிபிலிசு பாக்டீரியா ஒட்டுவதாக ஆய்வுகளில் காணப்பட்டவற்றுள் முதன்மையானவை:

* ஃபைப்ரோனெக்டின்: இரத்தத்திலும் திசுக்களிலும் காணப்படும் பெரிய புரதம். செல்களைப் புரத வலையோடு இணைப்பது இதன் பணி.
* லேமினின்: தோல், இரத்தக்குழாய் முதலியவற்றின் செல் அடுக்குகளுக்குக் கீழே விரிந்துள்ள அடித்தளப்படலத்தின் முதன்மைப் புரதம்.
* கொலாஜன்: உடலில் மிகுதியாக உள்ள நார்ப்புரதம். அடித்தளப்படலத்தில் காணப்படும் நான்காம் வகைக் கொலாஜன் இங்குக் குறிப்பிடத்தக்கது.

இவை ஏறத்தாழ எல்லா உறுப்புகளிலும் உள்ளன. குடலில் மட்டும் அல்லது தொண்டையில் மட்டும் ஒட்டும் பாக்டீரியாக்கள் பல உண்டு. சிபிலிசு பாக்டீரியா தேர்ந்துகொண்டவையோ உடலெங்கும் பரவிக் கிடக்கும் பொதுவான புரதங்கள். சிபிலிசு எந்த உறுப்பையும் தாக்கக்கூடிய நோயாக இருப்பதற்கு இது ஒரு விளக்கமாகும். மேலும், மனிதனின் ஃபைப்ரோனெக்டின் பாக்டீரியாவின் மேல் படிந்துகொள்வதால், உடல் அதனை அயற்பொருளாக அடையாளம் காண்பது கடினமாகலாம் என்ற கருத்தும் உண்டு.

ஒட்டுதலின் படிநிலைகள்

நுழைதல்

நோயுற்றவரின் புண்ணிலிருந்து பாக்டீரியா மற்றவரின் உடலை அடைகிறது. பிறப்புறுப்பு, வாய், ஆசனவாய் ஆகியவற்றின் ஈரமான மென்படலத்தின் வழியாகவோ தோலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பின் வழியாகவோ அது உள்ளே நுழைகிறது. மிகச் சில பாக்டீரியாக்களே தொற்றுக்குப் போதுமானவை. நுழைந்தவை செல்களிலும், செல்களுக்குக் கீழுள்ள புரத வலையிலும் ஒட்டிப் பெருகத் தொடங்குகின்றன. ஒரு பாக்டீரியா இரண்டாகப் பிரிய ஏறத்தாழ 30 முதல் 33 மணி நேரம் ஆகிறது. ஈ. கோலை நல்ல சூழலில் 20 நிமிடங்களில் இரட்டிப்பாகும் என்பதோடு இதனை ஒப்பிடலாம். புண் தோன்றுவதற்கு 10 முதல் 90 நாட்கள், சராசரியாக 21 நாட்கள், ஆவதற்கு இந்த மந்தமான பெருக்கம் ஒரு காரணம்.

இரத்தக்குழாயை அடைதல்

நுழைவிடத்தில் புண் தோன்றுவதற்கு முன்பே சில பாக்டீரியாக்கள் நிணநீருக்கும் இரத்தத்துக்கும் சென்றுவிடுகின்றன. இரத்தக்குழாயிலிருந்து வெளியேறித் திசுவை அடைவதற்கு அவை குழாயின் உட்சுவர் செல்களில் ஒட்ட வேண்டும். ஓடும் இரத்தத்தின் விசையைத் தாங்கி ஒட்டுவது, அசையாத பரப்பில் ஒட்டுவதைவிடக் கடினமானது. 1988 இல் வெளியான ஆய்வொன்றில், வளர்க்கப்பட்ட இரத்தக்குழாய்ச் செல்களின் இணைப்பிடங்கள் வழியாக இப்பாக்டீரியா ஊடுருவுவது காட்டப்பட்டது. அச்செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதத்தின் அமைப்பை இது குலைப்பதாகவும், கொலஸ்டிராலைச் சார்ந்த ஒரு வழியில் செல்லடுக்கைக் கடப்பதாகவும் 2021 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

திசுவில் தங்குதல்

சிபிலிசுப் புண்ணின் திசுவை நுண்நோக்கியில் பார்த்தால், சிறிய இரத்தக்குழாய்களைச் சுற்றிப் பாக்டீரியாக்களும் அழற்சிச் செல்களும் குவிந்திருப்பதும், குழாயின் உட்சுவர் தடித்து உள்வழி குறுகியிருப்பதும் தெரியும். நோயின் எல்லா நிலைகளிலும் இக்குறி காணப்படுகிறது. இப்பாக்டீரியா நச்சுப்பொருள் எதனையும் சுரப்பதாக அறியப்படவில்லை. திசுச் சேதத்தின் பெரும்பகுதி, ஒட்டித் தங்கிய பாக்டீரியாவுக்கு எதிராக உடல் எழுப்பும் அழற்சியால் விளைவதாகும்.

ஆய்வு வரலாறு

இப்பாக்டீரியாவை 1905 இல் பெர்லினில் ஃபிரிட்ஸ் சௌடின், எரிக் ஹாஃப்மன் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். இது மூளையில் தங்குவதை 1913 இல் ஹிதேயோ நொகுச்சி, மனநிலை பாதிக்கப்பட்டு இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவில் காட்டினார்.

ஒட்டுதல் பற்றிய முறையான ஆய்வுகள் 1970களின் நடுவில் தொடங்கின. தாமஸ் ஃபிட்ஸ்ஜெரால்டும் அவருடன் பணியாற்றியவர்களும், கண்ணாடிக் கலங்களில் வளர்க்கப்பட்ட விலங்குச் செல்களோடு பாக்டீரியாவைச் சேர்த்துப் பார்த்தனர். இவ்வகை ஆய்வுகளில் பின்வருவன தெரியவந்தன:

* பாக்டீரியா பெரும்பாலும் தன் முனையால் செல்லில் ஒட்டுகிறது. மறுமுனை தொடர்ந்து அசைந்துகொண்டிருக்கும்.
* உயிருள்ள பாக்டீரியா மட்டுமே ஒட்டுகிறது. வெப்பத்தால் கொல்லப்பட்டவை ஒட்டுவதில்லை.
* நோய் உண்டாக்காத உறவினமான ரைட்டர் வகைத் திரிபோனிமா ஒட்டுவதில்லை.
* ஒட்டிய பாக்டீரியாக்கள் ஒட்டாதவற்றைவிட நீண்ட நேரம் உயிரோடு இருக்கின்றன.
* நோயிலிருந்து எதிர்ப்பாற்றல் பெற்ற முயலின் இரத்தநீரைச் சேர்த்தால் ஒட்டுதல் குறைகிறது.

இவற்றுள் மூன்றாவது முடிவு, ஒட்டும் திறனுக்கும் நோய் உண்டாக்கும் திறனுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஐந்தாவது முடிவு, ஒட்டுதலைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் உடலில் உருவாகின்றன என்பதைக் காட்டியது. தடுப்பூசி பற்றிய நம்பிக்கைக்கு அடிப்படை இதுவாகும்.

1980களில் ஜோயல் பேஸ்மன், ஜான் அல்டெரெட்டி ஆகியோரின் ஆய்வுகள் ஃபைப்ரோனெக்டினின் பங்கை வெளிப்படுத்தின. மனிதச் செல்கள் பிடித்துக்கொள்ளப் பயன்படுத்தும் அதே பகுதியைத்தான் பாக்டீரியாவும் ஃபைப்ரோனெக்டினில் பற்றுகிறது என்று 1985 இல் காட்டப்பட்டது. அப்பகுதியை ஒத்த சிறிய செயற்கைப் புரதத்துண்டுகளைச் சேர்த்தபோது ஒட்டுதல் குறைந்தது.

ஒட்டுப்புரதங்கள்

பாக்டீரியாவின் பக்கத்தில் பிடிப்பை உண்டாக்கும் புரதங்கள் ஒட்டுப்புரதங்கள் எனப்படும். மரபணு வரிசை 1998 இல் கிடைத்த பின்னர் இவற்றைத் தேடும் பணி விரைவுபெற்றது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் கரோலின் கேமரன் குழுவினரின் ஆய்வுகள் இதில் முதன்மையானவை. மரபணு வரிசையில் உள்ள எண்ணைக் கொண்டே இப்புரதங்கள் பெயரிடப்பட்டுள்ளன.

* டிபி0751: 2003 இல் லேமினினோடு பிணைவதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் ஃபைப்ரோனெக்டின், கொலாஜன், இரத்தம் உறையப் பயன்படும் ஃபைப்ரினோஜன் ஆகியவற்றோடும் பிணைவதாகக் கூறப்பட்டது.
* டிபி0155, டிபி0483: ஃபைப்ரோனெக்டினோடு பிணைவதாக 2004 இல் அறிவிக்கப்பட்டவை.
* டிபி0136: ஃபைப்ரோனெக்டின், லேமினின் ஆகிய இரண்டோடும் பிணைவதாகக் கூறப்படுவது. பாக்டீரியாவின் வகைக்கு வகை இதன் அமைப்பு வேறுபடுகிறது.
* டிபி0435: புறப்படலச் செல்களில் ஒட்டுவதற்கு உதவுவதாகக் கூறப்படுவது.
* டிபி0954: நஞ்சுக்கொடிச் செல்களில் ஒட்டுவதற்கு உதவுவதாக 2020 இல் அறிவிக்கப்பட்டது.

கருத்து வேறுபாடு

இப்புரதங்களுள் எவை உண்மையில் பாக்டீரியாவின் வெளிப்புறத்தில் உள்ளன என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒரு புரதத்தைத் தனியே தயாரித்துச் சோதனைக் குழாயில் லேமினினோடு சேர்த்தால் அது ஒட்டலாம். ஆனால் உயிருள்ள பாக்டீரியாவில் அது உட்புறத்தில் இருக்குமானால் அந்த ஒட்டுதலுக்குப் பொருளில்லை. திரிபோனிமா பாலிடத்தின் வெளிப்படலம் மிக எளிதில் கிழியக்கூடியது. கிழிந்தால் உட்புறப் புரதங்களும் வெளிப்பட்டு, வெளிப்புரதங்கள் போலத் தோன்றும்.

டிபி0751 புரதம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இது வெளிப்புரதம் அன்று, அளவிலும் மிகக் குறைவு, இரத்தச் சிவப்பணுவிலுள்ள இரும்புக் கூட்டுப்பொருளைப் பற்றும் வேலையைச் செய்யக்கூடும் என்று 2020 இல் மற்றொரு குழுவினர் வாதிட்டனர். கேமரன் குழுவினர் இதற்கு முன்பே வேறு வகையான சான்றுகளை முன்வைத்திருந்தனர். உண்ணி கடிப்பதால் பரவும் லைம் நோயின் பாக்டீரியாவும் சுருள்வடிவம் கொண்டதே. அதில் டிபி0751 மரபணுவைச் செலுத்தியபோது, ஓடும் திரவத்தின் விசையையும் தாங்கி அது இரத்தக்குழாய்ச் செல்களில் ஒட்டியதாக 2017 இல் காட்டினர். அதே ஆண்டு இப்புரதத்தைத் தடுப்பூசியாகப் பெற்ற முயல்களில், பாக்டீரியா மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது குறைந்ததாகவும் அறிவித்தனர்.

பாக்டீரியாவை வளர்ப்பதில் உள்ள சிக்கல்

இத்தகைய ஐயங்கள் நீண்ட காலம் தீராமல் இருப்பதற்குக் காரணம், இப்பாக்டீரியாவைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க முடியாமையே. நொகுச்சி 1911 இல் தூய வளர்ப்பைப் பெற்றுவிட்டதாக அறிவித்தார். ஆனால் மற்றவர்களால் அதனை மீண்டும் செய்ய இயலவில்லை. ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பயன்படும் நிக்கல்சு வகை, 1912 இல் ஒரு நோயாளியின் மூளைத் தண்டுவடத் திரவத்திலிருந்து பெறப்பட்டது. அது நூறாண்டுக்கும் மேலாக முயல்களின் விதைப்பையில் செலுத்தப்பட்டே பேணப்பட்டு வந்துள்ளது.

1981 இல் காட்டு முயலின் புறப்படலச் செல்களோடு சேர்த்து, ஆக்சிசன் குறைந்த சூழலில் சில நாட்கள் வளர்ப்பது இயன்றது. நீண்ட காலத் தொடர் வளர்ப்பு 2018 இல்தான் வெற்றிபெற்றது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டயான் எட்மண்ட்சன், ஸ்டீவன் நோரிஸ் ஆகியோர் உள்ளிட்ட குழுவினர், 34 பாகை செல்சியசு வெப்பத்திலும் 1.5 விழுக்காடு ஆக்சிசனிலும் இதனைச் செய்துகாட்டினர். இவ்வளர்ப்பிலும் முயல் செல்கள் தேவைப்படுகின்றன. பாக்டீரியாக்கள் அச்செல்களில் ஒட்டியே பெருகுகின்றன.

இவ்வளர்ப்பு முறை மரபணு மாற்றத்துக்கு வழிவகுத்தது. 2021 இல் சியாட்டில் நகரின் லொரென்சோ ஜக்கானி குழுவினர் திரிபோனிமா பாலிடத்தின் மரபணு ஒன்றை முதன்முறையாக மாற்றியமைத்தனர். ஓர் ஒட்டுப்புரதத்தின் மரபணுவை நீக்கிவிட்டுப் பாக்டீரியா ஒட்டுகிறதா என்று நேரடியாகச் சோதிப்பதற்கு இதனால் வழி பிறந்துள்ளது.

நோயெதிர்ப்பிலிருந்து தப்புதல்

ஒட்டிய பாக்டீரியாவை எதிர்ப்பொருள்களும் விழுங்கு செல்களும் தாக்குகின்றன. முதல்நிலைப் புண் மருந்தின்றியே 3 முதல் 6 வாரங்களில் ஆறிவிடுவதற்கு இதுவே காரணம். எனினும் எல்லாப் பாக்டீரியாக்களும் அழிவதில்லை. டிபிஆர்கே என்னும் வெளிப்புரதத்தில் ஏழு மாறும் பகுதிகள் உள்ளன. பாக்டீரியா தன் மரபணுத்தொகுதியின் வேறிடத்தில் சேமித்து வைத்துள்ள துண்டுகளைக் கொண்டு இப்பகுதிகளை மாற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய வடிவத்துக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் புதிய வடிவத்தைப் பற்றுவதில்லை. இந்த மாறுதிறன் பெரிதும் குறைக்கப்பட்ட பாக்டீரியா முயல்களில் வலுவிழந்த தொற்றையே உண்டாக்கியதாக 2023 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

புண் வலியற்றது, தானே ஆறிவிடுவது. இவ்விரண்டாலும் பலர் நோய் நீங்கிவிட்டதாகக் கருதி மருத்துவரை நாடுவதில்லை. அதே நேரத்தில் பாக்டீரியா தோல், நிணநீர்க் கணு, கண், மூளை எனப் பல இடங்களில் ஒட்டியிருக்கும். சில வாரங்களுக்குப் பின் உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடலில் தடிப்புகள் தோன்றுவது இரண்டாம் நிலை. அதுவும் மறைந்தபின் நோய் பல ஆண்டுகள் உறங்குநிலையில் இருக்கலாம். மருத்துவம் பெறாதவர்களுள் ஒரு பகுதியினருக்குப் பிற்காலத்தில் பெருந்தமனி வீக்கம், மூளைப் பாதிப்பு, எலும்பிலும் தோலிலும் கட்டிகள் ஆகியவை உண்டாகின்றன.

நஞ்சுக்கொடியில் ஒட்டுதல்

கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் உள்ள பாக்டீரியா நஞ்சுக்கொடியை அடைந்து, அதனைக் கடந்து கருவைத் தாக்கக்கூடும். கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், குறைமாதப் பிறப்பு, பிறவிச் சிபிலிசு ஆகியவை இதன் விளைவுகள். உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022 இல் உலகில் 11 இலட்சம் கருவுற்ற பெண்களுக்குச் சிபிலிசு இருந்தது, அதனால் 3.9 இலட்சத்துக்கு மேற்பட்ட பேறுகாலத் தீங்குகள் நேர்ந்தன.

நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு செல்லடுக்கு கருவைக் காப்பதாகவும், எனவே நான்காம் மாதத்துக்கு முன் கருவுக்குத் தொற்று ஏற்படாது என்றும் முன்னர் நம்பப்பட்டது. 1976 இல் வெளியான ஆய்வில், 9, 10 வாரக் கருக்களிலேயே இப்பாக்டீரியா காணப்பட்டதால் அந்நம்பிக்கை கைவிடப்பட்டது. கருவுற்ற பெண்களுக்கான இரத்தச் சோதனையை முதல் வருகையின்போதே செய்ய வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதை இது வலுப்படுத்துகிறது.

நெருங்கிய உறவினங்கள்

யாஸ் என்னும் தோல் நோயை உண்டாக்கும் பாக்டீரியா திரிபோனிமா பாலிடத்தின் மற்றொரு துணையினம் ஆகும். இரண்டின் மரபணுத்தொகுதிகளும் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஒத்தவை. ஆயினும் யாஸ் பாலுறவால் பரவுவதில்லை. பெரும்பாலும் சிறுவர்களின் தோலையும் எலும்பையும் தாக்குகிறது. தாயிடமிருந்து கருவுக்குச் செல்வதாகப் பொதுவாகக் கருதப்படுவதில்லை. ஏறக்குறைய ஒரே மரபணுக்களைக் கொண்ட இரு பாக்டீரியாக்கள் இவ்வாறு வேறுபடுவதற்கு, ஒட்டுப்புரதங்களில் உள்ள சிறு வேறுபாடுகள் காரணமாகலாம் என்ற கோணத்திலும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. இந்தியாவில் யாஸ் நோய் முன்னர் பழங்குடி மக்களிடையே காணப்பட்டது. இந்தியா யாஸ் அற்ற நாடு என்று உலக நலவாழ்வு அமைப்பு 2016 இல் அறிவித்தது.

சென்னையின் பங்கு

சிபிலிசு பாக்டீரியா பெர்லினில் கண்டறியப்பட்ட அதே 1905 ஆம் ஆண்டில், சென்னையில் பணியாற்றிய மருத்துவர் சார்லஸ் டோனவன் பிறப்புறுப்புப் புண் உண்டாக்கும் வேறொரு நோயின் நுண்ணுயிரை விவரித்தார். அந்நோய் பின்னர் அவர் பெயரால் டோனவனோசிஸ் எனப்பட்டது. இந்நோயின் புண்ணும் சிபிலிசுப் புண்ணும் ஒன்றோடொன்று மயங்கக்கூடியவை. ஆனால் நுண்ணுயிர்கள் வாழும் முறை வேறு. டோனவனோசிஸ் பாக்டீரியா விழுங்கு செல்களின் உள்ளே கூட்டமாகக் காணப்படும். சிபிலிசு பாக்டீரியா பெரும்பாலும் செல்களுக்கு வெளியே ஒட்டி வாழும். எனவே முன்னதைக் காணத் திசுவை நசுக்கிச் சாயமிட்டுப் பார்க்கின்றனர். பின்னதைக் காணப் புண்ணில் ஊறும் நீரை உடனே இருட்புல நுண்நோக்கியில் வைத்து, உயிரோடு அசைவதைப் பார்க்கின்றனர். சென்னை மருத்துவர்களான ஆர். வி. ராஜம், பி. என். ரங்கையா ஆகிய இருவரும் டோனவனோசிஸ் பற்றி எழுதிய நூலை உலக நலவாழ்வு அமைப்பு 1954 இல் வெளியிட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து பால்வினை நோய்களுக்கென ஒரு கழகம் இயங்கிவருகிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த சுனிதி சாலமன், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் 1986 இல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இதன் பின் சிபிலிசு பற்றிய அக்கறையும் கூடியது. சிபிலிசு பாக்டீரியா ஒட்டிய இடத்தில் மென்படலம் உடைந்து புண்ணாகிறது, எச்.ஐ.வி. தாக்கும் வகை வெள்ளணுக்களும் அங்கே வந்து குவிகின்றன. இதனால் சிபிலிசுப் புண் உள்ளவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகுகிறது.

கண்டறிதலும் மருத்துவமும்

வி.டி.ஆர்.எல். முதலிய இரத்தச் சோதனைகள், பாக்டீரியாவை நேரடியாகக் காட்டாமல் உடலில் உருவான எதிர்ப்பொருள்களைக் காட்டுகின்றன. எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆவதால், புண் தோன்றிய தொடக்கத்தில் சோதனை முடிவு இல்லை என வரலாம். அந்நிலையில் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

ஒட்டுதலைத் தடுக்கும் மருந்து எதுவும் நடைமுறையில் இல்லை. ஆனால் ஒட்டிய பாக்டீரியாவை அழிக்கும் மருந்து உண்டு. 1943 இல் அமெரிக்க மருத்துவர் ஜான் மஹோனி நான்கு நோயாளிகளுக்குப் பெனிசிலின் கொடுத்துப் பயன் கண்டார். பாக்டீரியா மந்தமாகப் பெருகுவதால் மருந்து நீண்ட நாட்கள் இரத்தத்தில் இருக்க வேண்டும். அதற்காகவே மெல்லக் கரையும் பென்சத்தின் பெனிசிலின் பயன்படுத்தப்படுகிறது. தொடக்கநிலை நோய்க்கு 24 இலட்சம் அலகு கொண்ட ஓர் ஊசி பொதுவாகப் போதுமானது. அசித்ரோமைசின் போன்ற மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற வகைகள் உலகின் பல பகுதிகளில் பரவியுள்ளன. பெனிசிலினுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற வகை இதுவரை அறியப்படவில்லை. எனினும் மருந்து பாக்டீரியாவை அழிக்குமே தவிர, மூளையிலும் பெருந்தமனியிலும் ஏற்கெனவே ஏற்பட்ட சேதத்தைச் சீராக்காது. குணமானவருக்கு மீண்டும் தொற்று ஏற்படுவதையும் தடுக்காது.

தடுப்பூசி இல்லாத நிலையிலும், கருவுற்ற பெண்களைச் சோதித்து மருந்து கொடுப்பதன் மூலம் பிறவிச் சிபிலிசைத் தடுக்க முடியும். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுதலை ஒழித்த நாடுகளாக உலக நலவாழ்வு அமைப்பு கியூபாவை 2015 இலும், தாய்லாந்தை 2016 இலும், மலேசியாவை 2018 இலும், இலங்கையை 2019 இலும் ஏற்றது. ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளில் பிறவிச் சிபிலிசு 50க்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது இதற்கான அளவுகோல்களுள் ஒன்று. இந்தியாவிலும் கருவுற்ற பெண்களுக்கான சோதனைகளில் எச்.ஐ.வி.யோடு சிபிலிசும் சேர்க்கப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

* சிபிலிசு
* பால்வினை நோய்கள்
* டோனவனோசிஸ்
* பெனிசிலின்
* ஃபைப்ரோனெக்டின்
* சுனிதி சாலமன்